வெட்டப்பட்ட நம்பர் 4 லீ-என்ஃபீல்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல்: கோளாறும் தீர்வும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காவலர் தோளில் நெடுங்காலம் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கியை நம்மில் பலர் சிறுவயதில் பார்த்திருப்போம். லீ-என்ஃபீல்ட் என்னும் பெரிய குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் கனடாவில் பிறந்த பிள்ளைதான் லாங் பிராஞ்ச் நம்பர் 4 ரைஃபிள். டொராண்டோவுக்கு மேற்கே, ஒன்டாரியோ ஏரிக்கரையை ஒட்டிய தொழிற்சாலையில் 1941 முதல் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்களைச் செய்தார்கள். செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். அந்த வளாகத்தின் பரிசோதனைக் கட்டடம் மிசிசாகாவில் இன்றும் நிற்கிறது. இப்போது அது கலைக்கூடம்.

போர் முடிந்ததும் உபரி ரைஃபிள்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வாங்கினார்கள். எடை குறைய வேண்டும் என்று குழலுக்கு அடியில் ஓடும் முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள், குழலை மூடியிருந்த மேல்கட்டைகளைக் கழற்றி எறிந்தார்கள். அப்படி அறுபட்ட ஒன்றுதான் பெரும்பாலும் நம் கைக்கு வருகிறது. எனக்கும் 1943-இல் செய்த ஒன்று அப்படித்தான் வந்தது. அதைச் சரிசெய்தபோதும், பிறகு நண்பர்களுடைய ரைஃபிள்களைப் பார்த்தபோதும் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்ட கோளாறுகளை, கண்ணில் படும் அறிகுறியை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

இது கனடாவில் முறையான துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு. மற்ற நாடுகளில் சட்டம் வேறு, இந்தியாவில் .303 (த்ரீ நாட் த்ரீ) தடைசெய்யப்பட்ட ரகம். எந்த வேலைக்கு முன்பும் மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டை (தோட்டா அறையை மூடும் இரும்புத் தண்டு) பின்னிழுத்துத் தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். விரல் பொய் சொல்லாது.

ரிசீவரிலோ (போல்ட் ஓடும் இரும்பு உடல்) கட்டையிலோ 'டி.பி.' என்ற முத்திரை இருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்ட துப்பாக்கி. தோட்டா அறையில் துளையிட்டிருப்பார்கள், அல்லது தேய்ந்துபோன பாகங்களால் பூட்டியிருப்பார்கள். அதன் தோற்றத்தை மீட்கலாம். சுடும் நிலைக்குக் கொண்டுவர முயலவே வேண்டாம்.

முன்கட்டை பாதியில் நிற்கிறது. மீட்க முடியுமா?

விலை பேசும் முன்பே பார்க்க வேண்டியது இது. வெட்டப்பட்ட மரத்தை மாற்றிவிடலாம். வெட்டப்பட்ட இரும்பை மாற்றுவது கடினம். போல்ட்டை மூடி, ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழல் வாய் வழியாக உள்ளே விட்டு, போல்ட் முகத்தில் முட்டும் இடம்வரை அளந்து பாருங்கள். முழுக்குழல் 25.2 அங்குலம். குறைந்தால் குழலை அறுத்திருக்கிறார்கள். குழல் வாயருகே கத்தியைப் பூட்டுவதற்கான இரண்டு சிறு புடைப்புகள் இருக்க வேண்டும். சிலர் அவற்றையும் அராவிவிடுவார்கள். அடுத்து, தோட்டாப் பட்டையைச் செருகுவதற்காக ரிசீவருக்கு மேலே குறுக்கே போகும் பாலம். தொலைநோக்கி பூட்டுவதற்காக அதைத் தேய்த்தோ துளையிட்டோ இருந்தால், அந்த ரைஃபிள் இனிப் பழையபடி ஆகாது. நல்ல வேட்டைத் துப்பாக்கியாகவே அதை வைத்துக்கொள்ளலாம். அதன் உதிரிகளைக் கொண்டு வேறொன்றை மீட்கலாம்.

இரும்பு முழுதாக இருந்தால் மரத்துக்கு இரண்டு வழி. முழுநீளப் பழைய முன்கட்டை ஒன்றைத் தேடி வாங்கலாம். அல்லது இருக்கும் கட்டையோடு வேறொரு துண்டை ஒட்டி, அந்த இணைப்பு, குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் நடுப்பட்டையின் அடியில் மறைந்துபோகும்படி பூட்டலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். 1943-இல் அந்த ரிசீவரோடு பொருந்திய மரம் அதனோடேயே இருக்கிறதே! ஒட்டும் துண்டின் மரரேகையும் நிறமும் ஒத்துவர வேண்டும். லாங் பிராஞ்சில் வால்நட்டும் பிர்ச்சும் பயன்பட்டன. பிர்ச் கட்டையில் வால்நட் துண்டை ஒட்டினால் எத்தனை முறை எண்ணெய் பூசினாலும் ஒட்டுப்போட்ட வேட்டி போலத்தான் தெரியும்.

திருகாணி அசைய மறுக்கிறது

வீட்டில் இருக்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவில் இருக்கும். அது திருகாணியின் பள்ளத்தில் மேல்விளிம்பை மட்டும் பிடிக்கும். அழுத்தித் திருகினால் விளிம்பு பிய்ந்துவிடும். பள்ளத்தின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் சரியாக அமரும்படி நுனியை அராவிய திருப்புளி வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் துருவில் ஊடுருவும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு திருப்புளியைப் பள்ளத்தில் வைத்து, அதன் தலையில் சிறு சுத்தியலால் இரண்டு தட்டு. பெரும்பாலும் இளகிவிடும். பொறுமை இல்லாதவர்கள் அடுத்து துளையிடும் கருவியைத் தேடுவார்கள். நீங்கள் இன்னும் ஒரு நாள் காத்திருங்கள்.

அடிக்கட்டை ஆடுகிறது

தோளில் பதியும் அடிக்கட்டை ஒரு நீண்ட போல்ட்டால் (தோட்டா அறையை மூடும் போல்ட் அல்ல, மரையுள்ள ஆணி) ரிசீவரோடு பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. அடித்தகட்டின் மூடியைத் திறந்தால் உள்ளே துளை. அந்தத் துளையில் ஒரு தோல் அல்லது கம்பளி அடைப்பு கிடக்கும். அதை வெளியே எடுக்காமல் நீளத் திருப்புளியை விட்டுத் திருகினால் அடைப்பு நசுங்கிப் போல்ட் தலையை மூடிக்கொள்ளும், திருப்புளி வழுக்கும், துளையின் சுவர் வெடிக்கும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. நம்பர் 4-க்கு முந்தைய லீ-என்ஃபீல்டான எஸ்.எம்.எல்.இ. ரைஃபிளில் இந்தப் போல்ட்டின் முன்நுனி சதுரமாக இருக்கும். முன்கட்டையின் பின்புறத்தில் பதித்த ஒரு சிறு தகட்டில் அது சிக்கிக்கொண்டிருக்கும், தானாகத் தளராமல் இருப்பதற்காக. முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருப்பினால் அந்தச் சதுரம் முன்கட்டையை நெம்பிப் பிளந்துவிடும். பின்புறம் வெடித்த எஸ்.எம்.எல்.இ. முன்கட்டைகள் பலவற்றுக்கு இதுதான் காரணம். நம்பர் 4-இல் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எண்பது ஆண்டுகளில் யார் எந்தப் போல்ட்டைப் போட்டார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. ஆகவே எந்த லீ-என்ஃபீல்டானாலும் முதலில் முன்கட்டை, பிறகுதான் அடிக்கட்டை.

முன்கட்டை கையோடு கழன்று வந்துவிடுகிறது

மீட்பு வேலையில் அதிகம் கவனிக்க வேண்டியதும் பலர் கவனிக்காமல் விடுவதும் இதுதான்.

விசைக்காப்பை (விசையை, அதாவது டிரிகரைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையம்) கழற்றியபின் முன்கட்டை தன் எடையால் மட்டும் கீழே விழக்கூடாது. இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். இரு கைகளாலும் நேராகக் கீழ்நோக்கி இழுத்தால்தான் வர வேண்டும். நுனியைப் பிடித்து நெம்பி எடுப்பது பெரும் தவறு. பின்பக்கம் சிராய்ந்து மரம் பெயர்ந்துவிடும்.

தானாக விழுகிறது என்றால் கட்டைக்குள்ளே பாருங்கள். மேகசின் துளைக்குப் பின்னால், இடமும் வலமுமாக, விரல் நகம் அளவில் இரண்டு தட்டையான மரமுகங்கள் தெரியும். சுடும்போது ரைஃபிள் பின்னோக்கி உதைக்கும் விசை முழுவதையும் முன்கட்டையின் பக்கம் தாங்குவது இந்த இரண்டு முகங்கள்தாம். எத்தனையோ ஆண்டுகள் துப்பாக்கியைக் குழல் மேலே இருக்கும்படி சாத்திவைத்ததால் எண்ணெய் வடிந்து வடிந்து இங்கேதான் ஊறியிருக்கும். எண்ணெயில் ஊறிய மரம் மெத்தென்றாகி நசுங்கும். நசுங்கினால் இடைவெளி. இடைவெளி இருந்தால் ஒவ்வொரு சுடுதலிலும் ரிசீவர் மரத்தை அடிக்கும். கடைசியில் பின்புறம் கீறல் விழும்.

என் ரைஃபிளில் அந்த முகங்களை நகத்தால் கீறியபோது கறுப்பு மெழுகைக் கீறியது போல் இருந்தது. நல்ல மரம் வரும்வரை, ஏறக்குறைய கால் அங்குலம், கூரிய உளியால் சதுரமாகச் செதுக்கி எடுத்தேன். அசிட்டோனால் பலமுறை துடைத்து எண்ணெயை எடுத்தேன். அதே அளவில் கடின மரத்துண்டுகளை, அவற்றின் ரேகை குழலின் திசையிலேயே ஓடும்படி வெட்டி எபாக்சி பசையால் ஒட்டினேன். ரேகை குறுக்கே ஓடினால் துண்டு மீண்டும் நசுங்கும். ஒட்டும்போது துண்டு சற்றுப் பருமனாகவே இருக்கட்டும். பிறகு ரிசீவரின் முகத்தில் விளக்குக்கரியை மெல்லிசாகப் பூசி, கட்டையை அழுத்தி எடுத்தால், இடிக்கும் இடத்தில் கரி ஒட்டும். அந்தப் புள்ளியை மட்டும் சீவ வேண்டும். திரும்பப் பூசி, திரும்ப அழுத்தி, திரும்பச் சீவ வேண்டும். எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. இரண்டு முகங்களிலும் கரி ஒரே அளவில் பரவியபோது, கட்டை 'டக்' என்ற சத்தத்தோடு உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்காதவரை வேலை முடியவில்லை.

காகிதத்தை மடித்துச் செருகுவது, தகரத் துண்டு வைப்பது எல்லாம் வேண்டாம். இடமும் வலமும் சமமாகத் தாங்காவிட்டால் ஒரு பக்கம் பிளக்கும்.

விசைக்காப்பின் முன் திருகாணி போகும் துளையில் ஒரு குழாய்ப் போன்ற சிறு எஃகு வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும் மரம் நசுங்காமல் காப்பது அது. பிரித்துப் பூட்டுகிறவர்கள் அதைத் தொலைத்துவிடுவது வழக்கம்.

சுட்டால் ஒரே இடத்தில் படவில்லை

குழலைக் குறைகூறுவதற்கு முன் மரத்தைப் பாருங்கள். நம்பர் 4-இன் குழல், பின்னால் பருத்த பகுதியிலும் முன்னால் நுனியிலும் மட்டும் மரத்தில் படிய வேண்டும். இடையில் எங்கும் தொடக்கூடாது. நுனியில் முன்கட்டை குழலைச் சுமார் 4 முதல் 6 பவுண்டு விசையோடு மேல்நோக்கித் தாங்க வேண்டும். குழல்வாயைப் பெருவிரலால் மேலே தள்ளினால் சற்று எதிர்த்து, பிறகு எழும்பி, விட்டதும் திரும்ப அமர வேண்டும். ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் மரத்துக்கும் இடையே விட்டு நகர்த்தினால் எங்கே இடிக்கிறது என்பது தெரியும். மேல்கட்டைகளும் குழலை அழுத்தக்கூடாது. ஆளில்லாத வீட்டுக் கதவு மழைக்காலத்தில் உப்புவதைப்போல் மேல்கட்டைகளும் வளைந்து இடிக்கும்.

பின்னிழுக்கும்போது போல்ட் தலை தடம் புரண்டு எகிறுகிறது

இது லாங் பிராஞ்சில் செய்த நம்பர் 4-இன் மார்க் 1 ஸ்டார் ரகத்துக்கு உரிய நோய். பிரிட்டனில் செய்த மார்க் 1-இல் போல்ட்டைக் கழற்ற ஒரு சிறு தாழ் உண்டு. உற்பத்தியை எளிமையாக்க ஸ்டார் ரகத்தில் தாழை நீக்கிவிட்டு, போல்ட் தலை (போல்ட்டின் முன்நுனியில் பூட்டிய தனித் துண்டு) ஓடும் வலப்பக்கத் தண்டவாளத்திலேயே ஒரு வெட்டு விட்டார்கள். அந்த வெட்டின் ஓரம் காலப்போக்கில் சில்லுப்போகும். போனால் போல்ட் தலை ஓடும் வேகத்தில் அங்கே எகிறிவிடும்.

உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெட்டின் ஓரங்களைப் பாருங்கள். ஓரம் கூர்மையாக இருந்தால் தேய்ந்தது போல்ட் தலையின் கொக்கிதான். தலையை மாற்றினால் தீரும். ஓரம் உடைந்திருந்தால் வீட்டில் மருந்தில்லை. அந்த இடத்தில் பற்றவைத்தால் ரிசீவரின் பதம் கெடும். சுவரில் மாட்டுங்கள், சுடாதீர்கள். விலைக்கு வாங்கும்போதே போல்ட்டைப் பத்து முறையாவது வேகமாக இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

குழலுக்குள் இரண்டே பள்ளம்தான் தெரிகிறது

கோளாறு இல்லை. போர்க்கால அவசரத்தில் லாங் பிராஞ்ச் குழல்கள் பலவற்றில் ஐந்துக்குப் பதிலாக இரண்டு சுருள் பள்ளங்களே வெட்டப்பட்டன. இதைத் தேய்மானம் என்று நினைத்து நல்ல குழலைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

குழல் கறுத்துச் சொரசொரப்பாக இருந்தால் காரணம் பெரும்பாலும் பழைய தோட்டா. அக்காலத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது உப்பாகக் குழலில் படியும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. கொதிநீர் கரைக்கும். அதனால்தான் அக்காலச் சிப்பாய்கள் புனல் வைத்துக் குழலில் கொதிநீர் ஊற்றினார்கள். இன்றும் பழைய தோட்டா சுட்டால் அதே நாளில் அதைத்தான் செய்ய வேண்டும். குழல் சூடாகிவிடுவதால் நீர் தானே உலரும், பிறகு எண்ணெய். ஏற்கெனவே அரித்துவிட்ட குழிகளை எதுவும் நிரப்பாது. ஆனால் படிந்த அழுக்கை எடுத்தபின் பார்த்தால் நிலைமை நினைத்ததைவிட நன்றாக இருப்பதும் உண்டு.

போல்ட் எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒத்துப்போகவில்லை

போல்ட் கைப்பிடியின் பின்புறம் ரிசீவரின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வேறு எண் என்றால் வேறு துப்பாக்கியின் போல்ட். ஒவ்வொரு போல்ட்டின் பூட்டுப் புடைப்புகளும் அதனதன் ரிசீவருக்கென்று பொருத்தப்பட்டவை. ஆகவே துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, தோட்டா அறைக்குள் வைத்துப் பார்க்கும் அளவுகோல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 0.064 அங்குல அளவுகோலில் போல்ட் மூட வேண்டும், 0.074-இல் மூடக்கூடாது. மூடினால், 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகளில் அடுத்த எண்ணைப் பொருத்திப் பார்ப்பார்கள். அளவு தேறும்வரை அந்த ரைஃபிளில் தோட்டா போடாதீர்கள்.

எண் பொருந்தவில்லையே என்று பழைய எண்ணை அராவிப் புதிதாகப் பொறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய்க் கையெழுத்து. செய்யாதீர்கள்.

விசை ஒரே இழுப்பில் விழுகிறது

நம்பர் 4-இன் விசை இரண்டு கட்டமாக வர வேண்டும். முதல் கட்டம் 3 முதல் 4 பவுண்டு. ஒரு தடை உணர்ந்தபின் இரண்டாவது 5 முதல் 6 பவுண்டு. மார்க் 1 ஸ்டாரில் விசை, விசைக்காப்பில்தான் தொங்குகிறது. விசைக்காப்புக்கும் ரிசீவருக்கும் இடையே மரம். மரம் சுருங்கினால் விசை நெருங்கி, முதல் கட்டம் காணாமல் போகும். இந்தக் குறையால்தான் 1949-இல் வந்த மார்க் 2-இல் விசையை ரிசீவரிலேயே தொங்கவிட்டார்கள். முதலில் மேலே சொன்ன எஃகு வளையத்தையும் முன்கட்டையின் இருக்கையையும் சரிபாருங்கள். அநேகமாக அதிலேயே தீரும். தீராவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் போங்கள். விசையில் அரம் வைப்பது நம் வேலை இல்லை.

இரும்பெல்லாம் செந்துரு

மணல்வீச்சும் உப்புத்தாளும் துருவோடு சேர்த்து முத்திரைகளையும் கொண்டுபோகும். லாங் பிராஞ்சின் பெயர், ஆண்டு, சி எழுத்துக்குள் அம்பு பொறித்த கனடா அரசு அடையாளம், பரிசோதகர்களின் சின்னஞ்சிறு குத்துகள் எல்லாம் ஒரு மயிரிழை ஆழத்தில்தான் இருக்கின்றன.

செந்துருவைக் கரைத்து எடுக்காமலே கறுப்பாக மாற்றலாம். பாகத்தை அசிட்டோனால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கி, காய்ச்சி வடித்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவிடுங்கள். செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். எடுக்கும்போது வெல்வெட் துணி போல் கறுத்த பொடி படர்ந்திருக்கும். எண்ணெய் நீக்கிய மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் தளர்ந்த பொடி போய், அடியில் இறுகிய கறுப்பு தங்கும். இரண்டு மூன்று முறை செய்யலாம். என் நடுப்பட்டையை இப்படிக் கொதிக்கவைத்தபோது, துருவுக்கடியில் முன்பு தெரியாத 'எல்.பி.' முத்திரை எழுந்து வந்தது. உப்புத்தாள் போட்டிருந்தால் அது போயிருக்கும்.

இரும்பின்மேல் கெட்டியான கறுப்பு வண்ணம் இருந்தால் அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள். ரிசீவரில் 'எஃப்.டி.ஆர்.' என்ற எழுத்தும் ஓர் ஆண்டும் இருந்தால், அது ராணுவத்துக்காகவே தொழிற்சாலையில் முழுமையாகச் செப்பனிடப்பட்ட ரைஃபிள். வண்ணமும் அப்போது பூசியதாக இருக்கலாம். எந்த ஆண்டின் நிலைக்கு மீட்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். நானாக இருந்தால் அந்த வண்ணத்தை விட்டுவிடுவேன்.

மரம் கறுத்துப் பிசுபிசுக்கிறது

மரத்திலும் முத்திரைகள் உண்டு. இங்கேயும் உப்புத்தாள் கூடாது. சுண்ணாம்புக்கல் பொடியை அசிட்டோனில் குழைத்துத் தடவி, நல்ல வெயிலில் வையுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், அசிட்டோன் ஆவி தீப்பற்றும். மரம் வியர்ப்பது போல் எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடி பழுப்பாகும். உதிர்த்துவிட்டு மீண்டும் தடவுங்கள். வேட்டைக்காரர் பூசிய பளபளப்பு வார்னிஷ் இருந்தால் அதற்கான கரைப்பானால் முதலில் எடுத்துவிடுங்கள். ராணுவக் கட்டையில் வார்னிஷ் இருந்ததில்லை.

அடிபட்டுக் குழிந்த இடங்களில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் அழுத்தினால் ஆவி புகுந்து மரநார் எழும்பும். நார் அறுந்த வெட்டுக்காயம் எழும்பாது. அது இருக்கட்டும்.

பிறகு ஆளிவிதை எண்ணெய். காய்ச்சாததுதான் அசல். காய்ச்சியது என்று கடையில் விற்பதில் சீக்கிரம் உலர்வதற்கான உலோக உப்புகள் கலந்திருக்கும். காய்ச்சாதது உலர வாரக்கணக்காகும். உள்ளங்கையில் சில சொட்டு விட்டு, மரம் சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி. நான் ஒரு குளிர்காலம் முழுதும் ஞாயிறுதோறும் தேய்த்தேன்.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் உலரும்போது சூடாகும். சுருண்ட துணியில் அந்தச் சூடு வெளியேற வழியின்றி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு துணியையும் விரித்து, வெளியே கொடியில் தனித்தனியாகப் போட்டு, மொரமொரப்பாகக் காய்ந்தபின் எடுத்து எறியுங்கள்.